கொடிமரமும் கொடிக்கம்பமும்
கள்ளக்குறிச்சி மாவட்ட ஊராட்சித் துணைத் தலைவர்களுக்கும் வார்டு உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல்



2021 அக்டோபரில் நடந்த தேர்தலில் ஜெயித்து வந்தவர்கள் நீங்கள். அந்த மாதமே பதவி ஏற்றீர்கள். 2026 அக்டோபரோடு ஐந்தாண்டு முடிகிறது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். குடியரசு தினம் ஒன்று, சுதந்திர தினம் ஒன்று என்று ஆண்டுக்கு இரண்டு கொடியேற்றம். ஐந்தாண்டுக்குப் பத்து. ஒன்பது போய்விட்டது. 2026 ஆகஸ்ட் 15 பத்தாவது. அதுதான் கடைசி.

தலைவர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். காரணம் உங்களுக்கே தெரியும். பல ஊர்களில் கொடிக்கயிறு தலைவர் கைக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்வது தலைவர் இல்லை, நீங்கள். எல்லா ஊரையும் சொல்லவில்லை. தலைவர் பட்டியல் இனத்தவராகவோ பழங்குடியினராகவோ இருக்கும் ஊர்களைச் சொல்கிறேன். அதிலும் அவர் ஒரு பெண்ணாக இருக்கும் ஊர்களை.

நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். முப்பது வருடத்துக்கும் மேல் கொடி மடித்தவன். காவி மேலே வரும்படி மடித்து, உள்ளே ரோஜா இதழும் சாமந்தியும் வைத்து, ஒரே இழுப்பில் அவிழும்படி சுருக்கு முடிச்சுப் போட்டு மேலே அனுப்புவது எங்கள் வாத்தியார் வேலை. (கொடிக்குள் பூ வைப்பது தப்பு என்று ஒருமுறை ஓர் இளம் அதிகாரி எங்களிடம் சண்டைக்கு வந்தார். 2002-ஆம் ஆண்டின் கொடி விதித் தொகுப்பு பூவிதழ்களை அனுமதிக்கிறது என்று எடுத்துக் காட்டியதும் போய்விட்டார்.) ஒரு குடியரசு தினக் காலை. ஊர்ப் பெயர் வேண்டாம். ரிசர்வ் பஞ்சாயத்து. தலைவர் ஒரு அம்மா. புதுப் புடவை கட்டி, ஏழு மணிக்கே வந்துவிட்டார். நான் முடிச்சுப் போட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். துணைத் தலைவரின் கணவர் வந்தார். “குடுங்க சார்” என்று கையை நீட்டினார். கொடுத்துவிட்டேன். அவ்வளவுதான், ஒரு சத்தமும் இல்லை, ஒரு தகராறும் இல்லை. அந்த அம்மா ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னால் மிட்டாய்த் தட்டோடு நின்றார். விழா முடிந்து கிளம்பும்போது என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: “அடுத்த தடவையும் நான் வரணுமா சார்?”

அந்தக் கயிறு என் கையிலிருந்துதான் போனது. ஆகவே உங்களுக்குப் புத்தி சொல்லும் இடத்தில் நான் இல்லை. கடன்பட்டவன் எழுதுகிற கடிதமாக இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் பலரைத் தனித்தனியே எனக்குத் தெரியும். கெட்ட மனிதர்கள் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்குக் காலனியில் யாருக்காவது பிரசவ வலி என்றால் வண்டி எடுத்துக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறீர்கள். அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு கயிற்றைக் கொடுக்க ஏன் மனம் வரவில்லை என்று ரொம்ப நாள் யோசித்தேன். எனக்குத் தோன்றியது இதுதான்: கொடிக்கம்பத்தை நீங்கள் கோயில் கொடிமரமாக நினைத்துவிட்டீர்கள்.

நம் ஊர்களில் யாருக்கு முதலிடம் என்பதை ஆதியிலிருந்து சொல்லித் தந்தது கோயில். காப்புக் கட்டுவது எந்த வீடு, பரிவட்டம் முதலில் யார் தலையில், தேர்வடத்தை முதலில் தொடுவது எந்தத் தெரு, விபூதித் தட்டு யாரைத் தாண்டிப் போகக் கூடாது. இதெல்லாம் எழுதாத பட்டியல். ஆனால் ஒவ்வொருவருக்கும் மனப்பாடம். ஒரு படி பிசகினால் திருவிழாவே நின்றுபோகும், தாலுகா ஆபீசில் சமாதானக் கூட்டம் நடக்கும். அந்த வழக்கம் சரியா தவறா என்பது வேறு பஞ்சாயத்து. சுதந்திர தினமோ ஆடிக் கடைசியில் வந்து நிற்கிறது. கூழ் ஊற்றி, தீமிதி முடித்து, முதல் மரியாதைச் சூடு ஆறாத அதே வாரம். அந்தக் கண்ணோடு கொடிக்கம்பத்தைப் பார்த்தால், கயிறும் பரிவட்டம் மாதிரித்தான் தெரியும். “நம்ம வீட்டு மரியாதை எங்கேயோ போகுது” என்று வயிறு எரியத்தான் செய்யும்.

அரசாங்கத்துக்கும் ஒரு முதல் மரியாதைப் பட்டியல் இருக்கிறது. முன்னுரிமை வரிசை என்பார்கள். குடியரசுத் தலைவர் செயலகம் 1979 ஜூலை 26-ஆம் தேதி வெளியிட்டது. முதலில் குடியரசுத் தலைவர், அடுத்து குடியரசுத் துணைத் தலைவர், மூன்றாவது பிரதமர், நான்காவது தத்தம் மாநிலத்துக்குள் ஆளுநர்கள் என்று 26 படிகள் இறங்குகிறது. அரசு விழாக்களில் யார் எங்கே என்பதற்கு மட்டும்தான் அது, அன்றாட நிர்வாகத்துக்குப் பொருந்தாது என்று அதிலேயே குறிப்பு உண்டு. அந்தப் பட்டியலை முழுக்கப் படித்தாலும் ஒரு வீட்டுப் பெயரோ ஒரு தெருவோ கிடைக்காது. ஏறக்குறைய எல்லாம் நாற்காலிகளின் வரிசை. நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் இடம் அதுதான். எழுந்துவிட்டால் அந்த இடமும் போய்விடும். பரிவட்டம் அப்பனிடமிருந்து மகனுக்குப் போகும். இந்த வரிசையில் மகனுக்கு ஒன்றும் கிடையாது.

கிராம ஊராட்சித் தலைவர் அந்த 26 படிகளில் இல்லை என்பதும் உண்மைதான். டெல்லிப் பட்டியல் நம் ஊர் வரைக்கும் இறங்கி வரவில்லை. ஆனால் அது சொல்லும் முறை இங்கேயும் அதே முறைதான்.

2022 ஜூலை 25-ஆம் தேதி திரௌபதி முர்மு குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார். சந்தால் பழங்குடிப் பெண் ஒருவர் அந்த வரிசையின் முதல் படியில் நின்றார். முப்படைத் தளபதிகள் அவருக்கு சல்யூட் அடித்தார்கள். சரியாக மூன்று வாரம் கழித்து ஆகஸ்ட் 15. நம் மாவட்டத்தில், கல்வராயன் மலையடிவாரப் பக்கம், எடுத்தவாய்நத்தம் ஊராட்சித் தலைவர் சுதா, தன் ஊரில் தான் கொடியேற்றத் தடை இருப்பதாகப் புகார் கொடுக்க வேண்டியிருந்தது. மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும் தலையிட்ட பிறகே ஏற்றினார். நாட்டின் முதல் நாற்காலிக்கு ஒரு பழங்குடிப் பெண் போய்ச் சேர்ந்துவிட்டார். நம் பள்ளிக்கூட வாசலில் இருக்கும் கம்பத்துக்குப் போக இன்னொரு பெண்ணுக்கு போலீஸ் துணை வேண்டியிருந்தது. அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்தபோது, மிட்டாய்த் தட்டோடு நின்ற அம்மாதான் எனக்கு நினைவுக்கு வந்தார்.

நம் மாவட்டத்தை மட்டும் குறை சொல்லவில்லை. திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் 2020 ஆகஸ்ட் 15 அன்று தலைவர் அமிர்தத்தைக் கொடியேற்ற விடவில்லை. ஐந்து நாள் கழித்து, ஆட்சியர் முன்னிலையில் ஏற்றினார். அதே ஆண்டு அக்டோபரில், கடலூர் மாவட்டம் தெற்குதிட்டையில் தலைவர் தரையிலும் மற்றவர்கள் நாற்காலியிலும் இருக்கும் படத்தை நாடே பார்த்தது. மேலவளவில் 1997-இல் தலைவர் முருகேசனின் உயிரே போனது. தமிழ்நாடு தீண்டாமை ஒழிப்பு முன்னணி 2022-இல் 24 மாவட்டங்களில் 386 ஊராட்சிகளுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னதும் இதே கதைதான்: சில இடங்களில் கொடி இல்லை, சில இடங்களில் நாற்காலி இல்லை, சில இடங்களில் பெயர்ப் பலகைகூட இல்லை. அந்த ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் இறையன்பு எல்லா ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுதினார், பட்டியல் இனத் தலைவர்கள் சாதிப் பாகுபாடு இல்லாமல் கொடியேற்றுவதை உறுதி செய்யுங்கள் என்று. சுதந்திரம் வந்து 75 வருடம் கழித்து, தேர்ந்தெடுக்கப்பட்டவர் கொடியேற்றலாம் என்பதற்கு ஒரு மாநிலத்தின் தலைமைச் செயலாளர் கடிதம் எழுத வேண்டியிருந்தது. இது நமக்குக் கௌரவமா?

அதுவும் நம் தமிழ்நாட்டில். கொடியை யார் ஏற்றுவது என்பதற்காக டெல்லியோடு வாதாடிய மாநிலம் இது. 1973 வரை மாநிலத்தில் சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் ஆளுநர்தான் ஏற்றுவார். டெல்லியில் ஆகஸ்ட் 15-க்குச் செங்கோட்டையில் பிரதமர் ஏற்றுகிறார், ஜனவரி 26-க்குக் குடியரசுத் தலைவர் ஏற்றுகிறார், மாநிலத்தில் மட்டும் மக்கள் தேர்ந்தெடுத்த முதலமைச்சருக்கு ஏன் அந்த இடம் இல்லை என்று 1974-இல் கேட்டார் அன்றைய முதல்வர் கருணாநிதி. இந்திரா காந்தி அரசு ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 15 முதல் எல்லா மாநிலங்களிலும் முதலமைச்சர்கள் ஏற்றுகிறார்கள். மறந்துவிடாதீர்கள், முன்னுரிமை வரிசையில் ஆளுநருக்குக் கீழேதான் முதலமைச்சர். ஆனாலும் அந்த ஒரு நாள் கயிறு ஓட்டு வாங்கியவர் கைக்கு வந்தது. உங்களில் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் இதைப் பெருமையாகத்தான் பேசுவீர்கள். மேடையில் மாநில உரிமை என்று பேசிவிட்டு, ஊருக்குத் திரும்பி வந்து ஓட்டு வாங்கிய அம்மாவின் கையைத் தட்டிவிடுவது எப்படிப் பொருந்தும்?

உங்கள் பக்கத்து நியாயங்களும் எனக்குத் தெரியும். டீக்கடையில் கேட்டவைதான்.

“அந்தம்மாவுக்குக் கொடி ஏத்தத் தெரியாதுங்க சார்.” கொடியேற்றுவது ஒரு வித்தையே இல்லை. முடிச்சுப் போடுகிறவனுக்குத்தான் வேலை. நான் சரியாகப் போடாத நாளில் படித்தவர்கள் இழுத்தும் அவிழாமல், பையன் ஒருவன் கம்பத்தில் ஏறியிருக்கிறான்.

“அவங்களேதான் வேணாம்னு சொல்லிட்டாங்க.” இதுதான் அடிக்கடி கேட்பது. எனக்குக் கோபம் வருவதும் இதைக் கேட்டால்தான். மூன்று தடவை மிட்டாய்த் தட்டைக் கையில் கொடுத்துப் பின்னால் நிறுத்தினால், நான்காம் தடவை யாரும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். ரேஷன், தண்ணீர், நூறு நாள் வேலை எல்லாவற்றுக்கும் அடுத்த நாள் உங்கள் முகத்தில் விழிக்க வேண்டியவர் அவர். அவர் வாயிலிருந்து வந்த “வேணாம்” யாருடைய சொல் என்று நீங்களே நெஞ்சைத் தொட்டுப் பாருங்கள்.

“ஸ்கூல்ல ஹெட்மாஸ்டர் ஏத்தட்டுமே, பிரச்சினையே இல்லையே.” இல்லை. எங்களை இழுக்காதீர்கள். தலைமையாசிரியரை நடுவில் நிறுத்தித் தலைவரை ஒதுக்குவதும் அதே வேலைதான், கொஞ்சம் நாகரிகமாகச் செய்வது. நானே அப்படிப் பயன்பட்டிருக்கிறேன்.

சட்டத்தைச் சொல்லி மிரட்ட இதை எழுதவில்லை, ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும். தேசியச் சின்னங்களை அவமதிப்பதைத் தடுக்க 1971-இல் ஒரு சட்டம் வந்தது. கொடியை எரித்தால், கிழித்தால், மிதித்தால் மூன்று வருடம் வரை சிறை. தேசிய கீதம் பாடுவதை வேண்டுமென்றே தடுத்தாலும் அதே தண்டனை. கொடி தரையில் படக்கூடாது என்று பிள்ளைகளுக்கு எத்தனை ஜாக்கிரதையாகச் சொல்லித் தருகிறோம்! துணிக்கு இவ்வளவு காவல் இருக்கிறது. கயிற்றுக்குப் போன கைக்கு? அதற்கும் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தம் 2016-ஆம் ஆண்டு குடியரசு தினத்திலேயே அமலுக்கு வந்தது. பட்டியல் இனத்தவரோ பழங்குடியினரோ ஊராட்சியில் பதவியில் இருந்தால், அவர் தன் கடமையைச் செய்யவிடாமல் மிரட்டுவதோ தடுப்பதோ தனிக் குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை. இது எத்தனை துணைத் தலைவர்களுக்குத் தெரியும் என்று எனக்குச் சந்தேகம்தான்.

துணைத் தலைவர்களே, உங்களிடம் தனியாக ஒரு வார்த்தை. தலைவர் பதவி சுழற்சியில் ரிசர்வ் ஆகும். துணைத் தலைவர் பதவிக்கு அது இல்லை. உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுப்பது. அதனால் தலைவர் நாற்காலி ரிசர்வ் ஆன ஊர்களில் பழைய செல்வாக்கு அப்படியே பக்கத்து நாற்காலிக்கு நகர்ந்துகொள்கிறது. செக்கில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம் நகரும். செக் பவர் உங்களிடம் பாதி இருக்கிறது. தெருவிளக்கு பல்பு மாற்றும் பில்லிலிருந்து மோட்டார் ரிப்பேர் வரைக்கும், நீங்கள் பேனாவை மூடி வைத்தால் தலைவர் ஒன்றும் செய்ய முடியாது. இவ்வளவு பிடி கையில் இருக்கும்போது, வருடத்தில் இரண்டு நாள், ஐந்து நிமிடம், அந்தக் கயிறும் உங்களுக்கே வேண்டுமா?

கல்வராயன் மலைமேல் இருக்கிற உறுப்பினர்களுக்கு இந்தக் கடிதம் பொருந்தாது என்று தோன்றலாம். வெள்ளிமலைப் பக்கம் தலைவரும் மலையாளிப் பழங்குடி, உறுப்பினரும் மலையாளிப் பழங்குடி. அங்கே கயிற்றுச் சண்டை இல்லை. ஆனால் உங்கள் கதைதான் இதில் எல்லாருக்கும் பாடம். 1947-இல் கீழே கொடி ஏறியது. மலையில் மூன்று ஜாகிர்தார்களின் ஆதிக்கம் 1976 வரை போகவில்லை. 29 சுதந்திர தினங்கள் மலைக்குக் கீழே கொண்டாடி முடித்த பிறகுதான் உங்கள் தாத்தாமார்கள் ஜாகிர்தாருக்கு வரி கட்டுவதை நிறுத்தினார்கள். ஓட்டுரிமை கைக்கு வந்தது அதற்கும் பிறகு. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து கல்வராயன் மலை மக்களின் நிலைமையை வழக்காக எடுத்தது. அந்த வழக்கு வருவதற்கும், மலைக்குக் கீழே கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடிக்க வேண்டியிருந்தது. பரம்பரை முதல் மரியாதை என்றால் எப்படி இருக்கும் என்று தெரிந்த கடைசித் தலைமுறை இன்னும் உங்கள் ஊர்களில் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. போய்க் கேளுங்கள். உங்களிடம் எனக்கு இருக்கும் குறை வேறு. கீழேயிருந்து ஜீப்பில் ஓர் அதிகாரி வந்துவிட்டால், எந்தப் பதவியாக இருந்தாலும் சரி, தலைவர் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்கிறார். அவரை உட்காரச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். வந்தவருக்கு இன்னொரு நாற்காலி போடுங்கள்.

இன்னொரு விஷயமும் யோசியுங்கள். 28 மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. அந்த ஆண்டு இரண்டு விழாவுக்கும் அந்த ஊர்களில் ஓட்டு வாங்கிய தலைவர் என்று ஒருவர் இல்லை. நம்மையும் சேர்த்து ஒன்பது மாவட்டங்களில்தான் இருந்தார்கள்.

சரி, நான் கேட்பது என்ன? பெரிதாக ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 15-க்கு முன்னால் நடக்கும் ஊராட்சிக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடுங்கள். ஊராட்சி அலுவலகத்திலும் ஊராட்சிக்கு உட்பட்ட பள்ளி விழாவிலும் தலைவரே கொடியேற்றுவார் என்று ஒரு வரி. மினிட் புத்தகத்தில் ஏறட்டும், எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். தீர்மானத்தை முன்மொழிவது துணைத் தலைவராக இருக்கட்டும். தலைவர் தானே கேட்டு வாங்கும்படி வைக்காதீர்கள். அக்டோபரில் அடுத்த ஆட்கள் வந்தாலும் அந்த வரி புத்தகத்தில் இருக்கும்.

அன்று காலை தலைவர் வீட்டுக்கு நீங்களே போய் அழைத்து வாருங்கள். போலீஸ் வண்டிக்கு முன்னால் உங்கள் வண்டி போய் நிற்கட்டும். விழாவில் நடு நாற்காலி அவருக்கு. கணவர்மார்கள் யாருடையவராக இருந்தாலும், தலைவரின் கணவர் உட்பட, பிள்ளைகளோடு வரிசையில் நிற்கட்டும். பிறகு கிராம சபைக் கூட்டத்திலும் அதே நாற்காலியில் அவரே தலைமை வகிக்கட்டும். கொடியேற்றிய கையோடு ஓரம் கட்டிவிட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கும்.

முடிச்சுப் போட ஆள் இல்லை என்றால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள், எந்த ஊராக இருந்தாலும் முதல் நாளே வந்துவிடுகிறேன். எனக்கு ஒரு முறை சரியாகக் கொடுக்க வேண்டிய கயிறு பாக்கி இருக்கிறது.

கம்பத்துக் கப்பி துருப்பிடித்திருக்கும், இப்போதே கொஞ்சம் எண்ணெய் விட்டு வையுங்கள். கயிறு போன வருடத்துக் கயிறாக இருந்தால் மாற்றிவிடுங்கள். நைலான் வேண்டாம், முடிச்சு வழுக்கும். பருத்திக் கயிறு வாங்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்